501-வது யூனிட் கற்றுத்தரும் ஜாவாஸ்கிரிப்ட்!

தி.நகர் உஸ்மான் ரோட்டிலும் அடையாறு எல்.பி. ரோட்டிலும் நடக்கிறவர்கள் தலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் போதும். முதல் மாடி, இரண்டாம் மாடி ஜன்னல்களில் ‘வெப் டெவலப்மென்ட்’, ‘ஃபுல் ஸ்டாக்’ என்று கம்ப்யூட்டர் பயிற்சி போர்டுகள் கண்ணில் படும். போனைத் திறந்தால் இன்னும் அதிகம். ‘30 நாளில் ஜாவாஸ்கிரிப்ட்’, ‘வேலை கிடைத்த பிறகு ஃபீஸ் கட்டினால் போதும்’ என்று ரீல்ஸுக்கு நடுவே விளம்பரங்கள் வந்தபடி இருக்கும்.

பி.காம் முடித்த தங்கை, மெக்கானிக்கல் படித்துவிட்டு வேலை தேடும் அண்ணன், குழந்தை வளர்ந்த பிறகு மீண்டும் வேலைக்குப் போக நினைக்கும் அம்மா... இன்று பல வீடுகளில் யாரோ ஒருவர் கோடிங் கற்றுக்கொண்டிருக்கிறார். அப்படிக் கற்பவர்களில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். 40 மணி நேர வீடியோவைப் பார்த்து முடித்திருப்பார்கள். சர்டிஃபிகேட்டும் வந்திருக்கும். ஆனால், காலியான ஒரு ஃபைலைத் திறந்து, ‘ஏதாவது ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் காட்டு’ என்றால், கை அப்படியே நின்றுவிடும்.

உடனே வரும் எண்ணம், ‘இந்த கோர்ஸ் சரியில்லை, வேறு கோர்ஸில் சேரலாம்’ என்பது. அடுத்த கோர்ஸ், அடுத்த ஃபீஸ், மறுபடியும் அதே காலி ஃபைல். இந்தச் சுழலில் இருந்து வெளியே வருவதற்குப் புதிய கோர்ஸ் தேவையில்லை. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரன்ட் பில்லே போதும்!

பார்த்தால் புரியும், எழுதினால்தான் வரும்

முன்பெல்லாம் மயிலாப்பூர் தெருக்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் நிறைய இருந்தன. எஸ்.எஸ்.எல்.சி முடித்த கையோடு அங்கே சேர்த்துவிடுவார்கள். தினமும் ஒரு மணி நேரம் ஒரே வரிசை எழுத்துகளைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். விரல் பழகிய பிறகுதான் சொல், பிறகு வாக்கியம், பிறகு கடிதம். பக்கத்து சீட்டுக்காரர் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்து ‘லோயர்’ பாஸ் செய்தவர் யாரும் கிடையாது.

கோடிங் வீடியோக்களில் இருக்கும் சிக்கல் இதுதான். சொல்லிக்கொடுப்பவர் தடுமாறாமல் எழுதுகிறார். எல்லாம் முதல் முயற்சியிலேயே ஓடுகிறது. பார்ப்பவருக்கு ‘புரிந்துவிட்டது’ என்ற திருப்தி கிடைக்கிறது. ஆனால், அடுத்த வரியில் என்ன எழுதுவது என்று முடிவெடுக்கும் வேலையை அவர் ஒருமுறைகூடச் செய்யவில்லை. கோடிங் என்பதே அந்த முடிவெடுக்கும் வேலைதான்.

வெப் கற்கத் தொடங்குபவர்கள் சந்திக்கும் மூன்று பெயர்கள் எச்.டி.எம்.எல், சி.எஸ்.எஸ், ஜாவாஸ்கிரிப்ட். பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்வது எச்.டி.எம்.எல். அது எப்படித் தெரிய வேண்டும் என்பதை சி.எஸ்.எஸ் பார்த்துக்கொள்ளும். பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பது ஜாவாஸ்கிரிப்ட்டின் வேலை. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரெண்டன் ஐக், 1995-ல் பத்தே நாள்களில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். பெயரைப் பார்த்து ஜாவாவின் தம்பி என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு மொழிகள். அந்த நேரத்தில் ஜாவா பிரபலமாக இருந்ததால் பெயரில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்த மொழியில் ஒரு பெரிய வசதி உண்டு. தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. லேப்டாப்பில் குரோம் பிரவுசரைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தினால், ‘கன்சோல்’ என்ற பகுதி வரும். அங்கேயே எழுதி, அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். லேப்டாப் இல்லாதவர்களுக்கு ஆண்ட்ராய்டு போனிலேயே கோடு எழுத உதவும் இலவச எடிட்டர் ஆப்களும் இருக்கின்றன. விரலுக்குச் சிரமம்தான், ஆனாலும் தொடங்குவதற்குப் போதும்.

கரன்ட் பில்லுக்கு ஒரு கணக்கு

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம் கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாகக் கட்டணம் ஏறும். 2022 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்த பட்டியலை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். (அதன் பிறகு கட்டணம் மாறியிருக்கிறது. பழகுவதற்கு எந்தப் பட்டியலாக இருந்தாலும் சரி. நிஜமாகப் பயன்படுத்தும்போது மின்வாரிய இணையதளத்தில் இருக்கும் இப்போதைய கட்டணத்தைப் போட வேண்டும்.)

முதலில் பேப்பரில் போட்டுப் பார்க்க வேண்டும். போன முறை மீட்டர் ரீடிங் 12340, இந்த முறை 12790 என்றால், ஓடியது 450 யூனிட். முதல் 100-க்குப் பணம் இல்லை. அடுத்த 100-க்கு 225 ரூபாய். அடுத்த 200-க்கு 900 ரூபாய். மீதி 50-க்கு 300 ரூபாய். மொத்தம் 1,425 ரூபாய்.

இதை அப்படியே கன்சோலில் எழுதுவதுதான் முதல் பாடம். பழைய ரீடிங், புதிய ரீடிங் என்று எண்களுக்குப் பெயர் வைப்பது ‘வேரியபிள்’. ‘100-க்குள் இருந்தால் பூஜ்யம், இல்லையென்றால்...’ என்று பிரித்துச் சொல்வது ‘இஃப் - எல்ஸ்’. கோர்ஸில் இரண்டு வாரம் நடத்தும் பாடங்கள் இவை. ஆனால் இங்கே அவற்றுக்கு ஒரு வேலை இருக்கிறது. விடை சரியா தவறா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பேப்பரில் வந்த 1,425 கன்சோலிலும் வந்துவிட்டால், சரி.

முதல் முறை இதை எழுதி முடிக்க ஒருநாள் முழுக்க ஆகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீடியோவைப் பார்க்காமல், தானே யோசித்து எழுதிய பத்து வரி, பார்த்து எழுதிய நூறு வரியைவிடப் பெரியது.

ஒரே ஒரு யூனிட், 233 ரூபாய்!

450-க்குச் சரியாக வந்த புரோகிராம் எல்லா எண்ணுக்கும் சரியாக வரும் என்று நம்பிவிடுவது தொடக்கக்காரர்களின் வழக்கம். இங்கேதான் கரன்ட் பில் ஒரு நல்ல வாத்தியாராக மாறுகிறது.

அதே 2022 பட்டியலில், 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கிடும் முறையே வேறு. 101 முதல் 400 வரை எல்லா யூனிட்டுக்கும் 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். 501 முதல் 600 வரை 8 ரூபாய். 601 முதல் 800 வரை 9 ரூபாய், 801 முதல் 1,000 வரை 10 ரூபாய், அதற்கு மேல் 11 ரூபாய். அதாவது, 101 முதல் 200 வரைக்கான 2 ரூபாய் 25 காசு சலுகை அவர்களுக்குக் கிடையாது.

500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய். 501 ஓடினால்? ‘கூடுதலாக ஒரு யூனிட், 8 ரூபாய், ஆக 1,733’ என்று புரோகிராம் சொன்னால், அது தவறு. சரியான விடை 1,958 ரூபாய். கடைசி ஒரு யூனிட்டுக்காக 233 ரூபாய் கூடுகிறது. 8 ரூபாய் அந்த யூனிட்டின் விலை. மீதி 225 ரூபாய், கைவிட்டுப் போன சலுகை.

ஏ.சி ஓடும் மே மாதத்தில் பல குடும்பங்களை ‘எப்படி இவ்வளவு வந்தது?’ என்று திகைக்க வைக்கும் கணக்கு இது. இதைக் கண்டுபிடிக்கிற புரோகிராமை எழுதியவர், தன் வீட்டுக்குப் பயனுள்ள ஒரு தகவலையும் கண்டுபிடித்திருக்கிறார். ரீடிங் 480-ஐத் தொடும்போது, மீதமிருக்கும் நாள்களில் கொஞ்சம் கவனமாக இருந்தால் என்ன மிச்சம் என்பது இப்போது அவருக்குத் தெரியும்.

புரோகிராமர்களின் மொழியில் இந்த இடத்துக்கு ‘எட்ஜ் கேஸ்’ என்று பெயர். எல்லையில் நிற்கும் எண்களைப் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். 100 போட்டால் பூஜ்யம் வர வேண்டும். 101 போட்டால் 2 ரூபாய் 25 காசு. 200-க்கு 225, 400-க்கு 1,125, 500-க்கு 1,725, 501-க்கு 1,958. இந்த ஆறு விடைகளை ஒரு பேப்பரில் எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு, கோடில் ஏதாவது மாற்றும்போதெல்லாம் ஆறையும் சரிபார்ப்பவர், ஐ.டி நிறுவனங்களில் ‘டெஸ்டிங்’ என்று சொல்லப்படும் வேலையின் அடிப்படையை அப்போதே கற்றுவிடுகிறார்.

அதே புரோகிராம், அடுத்தடுத்த படிகள்

பத்து வெவ்வேறு புராஜெக்ட்டுகளைத் தொட்டு விடுவதைவிட, ஒரே புரோகிராமை வளர்த்துக்கொண்டே போவது தொடக்கத்தில் அதிகப் பலன் தரும். வீட்டைக் கட்டிவிட்டு, பிறகு மாடி எடுப்பது மாதிரி.

முதல் மாடி: கணக்கை ஒரு ‘ஃபங்ஷன்’ ஆக மாற்றுவது. யூனிட்டைக் கொடுத்தால் ரூபாயைத் திருப்பித் தரும் ஒரு மெஷின் என்று அதை நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் மாடி: கன்சோலை விட்டு வெளியே வந்து, இரண்டு பெட்டிகள், ஒரு பட்டன் கொண்ட ஒரு பக்கத்தை உருவாக்குவது. எச்.டி.எம்.எல்-லும் ஜாவாஸ்கிரிப்ட்டும் கைகோக்கும் இடம் இதுதான். பலருக்கும் சிரமமான படியும் இதுதான்.

மூன்றாம் மாடி: கட்டண விகிதங்களைக் கோடுக்கு நடுவே அங்கங்கே எழுதாமல், ஒரே இடத்தில் பட்டியலாக (‘அர்ரே’) வைப்பது. கட்டணம் மாறினால் பட்டியலில் மட்டும் எண்ணை மாற்றினால் போதும். 2022-ல் எழுதிய புரோகிராம் இன்றும் பயன்பட வேண்டும் என்றால் இந்தப் படி அவசியம். ‘மாறக்கூடியதைத் தனியே வை’ என்ற பாடம், எவ்வளவு பெரிய சாஃப்ட்வேருக்கும் பொருந்தும்.

நான்காம் மாடி: ஒவ்வொரு முறையும் பழைய ரீடிங்கைத் தேடாமல், பிரவுசரே நினைவில் வைத்துக்கொள்ளும்படி செய்வது. இதற்கு ‘லோக்கல் ஸ்டோரேஜ்’ என்ற வசதி இருக்கிறது.

ஐந்தாம் மாடி: கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச சேவையில் அந்தப் பக்கத்தை ஏற்றி, லிங்க்கை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்புவது.

கடைசிப் படியைப் பலரும் கூச்சத்தால் தவிர்த்துவிடுகிறார்கள். ஆனால், அதிகம் கற்றுத்தருவது அதுதான். மயிலாப்பூர் ஃப்ளாட் ஒன்றில் மேல் வீட்டு மாமிக்கு அந்த லிங்க் போகிறது என்று வைத்துக்கொள்வோம். “ஏம்ப்பா, நீ அனுப்பினதுல ரீடிங் போட்டா என்னமோ இங்கிலீஷ்ல வர்றதே!” என்று மாமி கேட்பார். “என்ன போட்டீங்க மாமி?” என்று விசாரித்தால், 12,790 என்று நடுவில் கமா போட்டிருப்பார். கமா உள்ள எழுத்தை ஜாவாஸ்கிரிப்ட்டால் எண்ணாக மாற்ற முடியவில்லை. அதனால், ‘எண் இல்லை’ என்று பொருள்படும் ‘நேன்’ என்ற மூன்றெழுத்தைக் காட்டிவிட்டது. மாமி செய்தது தப்பே இல்லை. மனிதர்கள் அப்படித்தான் எண்களை எழுதுவார்கள். அதைத் தாங்கும்படி எழுதுவது புரோகிராமரின் பொறுப்பு. எந்த வீடியோவும் இதை மாமி அளவுக்குப் புரியவைக்காது.

35 லட்ச ரூபாய் பில்

தொடக்கக்காரர்களை அதிகம் பயமுறுத்துவது சிவப்பு எழுத்தில் வரும் எரர். பார்த்ததும் ஜன்னலை மூடிவிடத் தோன்றும். உண்மையில், அந்தச் சிவப்பு எழுத்துதான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் ஆசிரியர். எந்த ஃபைலில், எத்தனையாவது வரியில் சிக்கல் என்று அதிலேயே எழுதியிருக்கும். ‘நாட் டிஃபைண்டு’ என்று வந்தால், அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று பொருள். பெரும்பாலும் ஸ்பெல்லிங் தப்பாக இருக்கும். அல்லது ஓர் இடத்தில் பெரிய எழுத்திலும் இன்னோர் இடத்தில் சின்ன எழுத்திலும் தொடங்கியிருப்பார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அவை இரண்டும் வேறு வேறு பெயர்கள்.

எரரே காட்டாத தப்புகள்தான் ஆபத்தானவை. பில் புரோகிராமில் ஒரு புதிய வசதி சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘இதுவரை ஓடியது’ என்று ஒரு பெட்டி, ‘மீதி நாள்களுக்கு உத்தேசமாக’ என்று இன்னொரு பெட்டி. முதலில் 320, அடுத்ததில் 130. கூட்டினால் 450 வர வேண்டும். ஆனால், திரையில் 35,16,980 ரூபாய் என்று ஒரு பில் வந்து நிற்கும்!

காரணம் எளிமையானது. பெட்டியில் தட்டுவதை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல், எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது ஜாவாஸ்கிரிப்ட். எழுத்துகளுக்கு நடுவில் கூட்டல் குறி போட்டால் ஒட்டிவிடும். 320-ம் 130-ம் ஒட்டி 3,20,130 யூனிட் ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், கழித்தல் குறிக்கு இந்தக் குழப்பம் கிடையாது. எழுத்தாக இருந்தாலும் எண்ணாக மாற்றிக் கழித்துவிடும். அதனால்தான் பழைய ரீடிங்கைக் கழித்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது. கூட்டும்போது குட்டு வெளிப்பட்டது. கூட்டுவதற்கு முன் இரண்டையும் ‘நம்பர்’ ஆக மாற்றினால் தீர்ந்தது.

இப்படி மாட்டிக்கொண்ட ஒவ்வொரு தப்பையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. என்ன நடந்தது, ஏன் நடந்தது, எப்படிச் சரியானது என்று மூன்று வரி போதும். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால், எந்த சர்டிஃபிகேட்டையும்விட அது அதிகம் சொல்லும்.

வாசல் கோலத்தில் ஒரு லூப்

பில் கணக்கு அலுத்துவிட்டால், வாசலுக்கு வரலாம். மயிலாப்பூர் திருவிழாவில் வடக்கு மாடவீதியில் நடக்கும் கோலப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ‘7 புள்ளி, 4 வரை, இடுக்குப்புள்ளி’ என்று ஒரு பாட்டி சொன்னால், நடுவரிசையில் 7 புள்ளி, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 4-ல் முடிய வேண்டும் என்று கோலம் தெரிந்தவர்களுக்குப் புரியும். 4, 5, 6, 7, 6, 5, 4. ஏழு வரிசை, மொத்தம் 37 புள்ளிகள்.

அந்த ஒற்றை வாக்கியத்தில் ஒரு புரோகிராம் ஒளிந்திருக்கிறது. கொடுக்க வேண்டியது இரண்டே எண்கள். மீதியை ஒரு விதி பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் அந்த விதிக்குப் பெயர் ‘லூப்’. வரிசைகளுக்கு ஒரு லூப், ஒவ்வொரு வரிசையிலும் புள்ளி வைக்க அதற்குள் இன்னொரு லூப். புள்ளிகள் திரையில் சரியாக விழுந்துவிட்டால், 7-க்கும் 4-க்கும் பதில் 15, 8 என்று கொடுத்துப் பார்க்க வேண்டும். 169 புள்ளிகள் வந்தால் விதி சரி.

கோலத்தையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து யோசிப்பது புதிதல்ல. சென்னைக்காரர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் முறையில் ஆராய்ந்து 1974-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வீட்டில் யாரும் கம்ப்யூட்டர் படிக்கவில்லை என்று தயங்குகிறவர்கள், அம்மாவிடம் கோல நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். லூப் அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

எல்லாவற்றையும் ஏ.ஐ எழுதித் தருமே?

நியாயமான கேள்விதான். ‘தமிழ்நாடு மின்கட்டணம் கணக்கிட ஒரு பக்கம் எழுதிக் கொடு’ என்று சாட்ஜிபிடியிடம் கேட்டால், சில நொடிகளில் அழகான பக்கம் வந்துவிடும். ஆனால், அது எந்த ஆண்டின் கட்டணத்தைப் போட்டிருக்கிறது? 500-ஐத் தாண்டினால் முறையே மாறும் என்பதைக் கவனித்திருக்கிறதா? 501 என்று போட்டுப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும். தெரியாதவர், தப்பான பில்லைத் தைரியமாக ஃப்ளாட் குரூப்பில் அனுப்பிவிடுவார்.

வேலையில் சேர்ந்த பிறகு ஏ.ஐ நல்ல உதவியாளர். கற்கும் காலத்தில் அதற்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நல்லது. முதலில் தானே எழுதிப் பார்ப்பது. மாட்டிக்கொண்டால், விடையைக் கேட்காமல், ‘இந்த எரருக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்பது. கிடைத்த பதிலை காப்பி பேஸ்ட் செய்யாமல் கையால் தட்டுவது. மறுநாள், பார்க்காமல் மீண்டும் எழுதுவது. இந்த நான்கையும் கடைப்பிடித்தால் ஏ.ஐ டியூஷன் மாஸ்டராக இருக்கும். கடைப்பிடிக்காவிட்டால், ஹோம்வொர்க்கை எழுதிக்கொடுக்கும் அண்ணனாகிவிடும்.

சென்னையில் எங்கே போகலாம்?

வீட்டில் இடமில்லை, சத்தம் அதிகம் என்பவர்களுக்கு, கோட்டூர்புரத்தில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவும் அங்கே தனி இடம் உண்டு.

தனியாகப் படித்துச் சோர்ந்துபோகிறவர்களுக்கு, பயனர் குழுக்கள் உதவும். சென்னை லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது, ஐ.ஐ.டி வளாகத்தில் பல கூட்டங்களை நடத்தியிருக்கிறது. பைத்தான் பழகுபவர்களுக்கு ‘சென்னைபை’ குழுவின் மாதாந்திரக் கூட்டம் உண்டு. அனுபவம் உள்ளவர்கள் தாங்கள் மாட்டிக்கொண்ட கதைகளைச் சொல்வதைக் கேட்பதே பாதித் தைரியம் தரும்.

தமிழில் படிக்க விரும்புபவர்களுக்கு, கணியம் அமைப்பின் ‘எளிய தமிழில்’ வரிசையில் எச்.டி.எம்.எல், சி.எஸ்.எஸ் உள்ளிட்ட மின்னூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி-யின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டத்தில் தமிழில் குரல் கொடுக்கப்பட்ட சிறிய பாடங்கள் உள்ளன. ஆங்கிலம் பரவாயில்லை என்றால், ஃப்ரீகோட்கேம்ப் தளத்தில் பயிற்சிகள் இலவசம். சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்க மொசில்லாவின் எம்.டி.என் தளம் போதும்.

பட்டமாகவே படிக்க வேண்டும் என்பவர்களுக்கு, சென்னை ஐ.ஐ.டி 2020-ல் ஆன்லைனில் தொடங்கிய பி.எஸ் படிப்பு இருக்கிறது. ஜே.இ.இ எழுதாதவர்களும் தகுதித் தேர்வு முறை மூலம் சேரலாம். அதில் வெப் அப்ளிகேஷன் உருவாக்குவதற்கென்றே இரண்டு பாடங்களும் புராஜெக்ட்டுகளும் உண்டு. புராஜெக்ட்டைச் சமர்ப்பித்தால் மட்டும் போதாது; ‘இந்த வரி எதற்கு?’ என்று வைவாவில் கேட்பார்கள். வீட்டில் தனியாகக் கற்பவர்களும் பின்பற்ற வேண்டிய முறை அதுதான். எழுதிய கோடை வரி வரியாக இன்னொருவருக்கு விளக்க முடிந்தால், அது சொந்தக் கோடு.

ஃபீஸ் கட்டும் முன்...

பயிற்சி நிலையங்களே வேண்டாம் என்பதல்ல. நேரில் திருத்த ஓர் ஆசிரியர் இருந்தால் வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால், அம்மாவின் நகையோ அப்பாவின் பி.எஃப் பணமோ அந்த ஃபீஸில் அடங்கியிருக்கும்போது, சேரும் முன் சில கேள்விகளைக் கேட்பது கட்டாயம்.

ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? எழுதும் கோடைத் திருத்தித் தருவது யார்? ‘வேலை உத்தரவாதம்’ என்றால் அதன் நிபந்தனைகள் எழுத்தில் இருக்கிறதா? பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா? இ.எம்.ஐ என்றால், கடன் கொடுப்பது யார்? கடன் தருவது தனி நிதி நிறுவனமாக இருந்தால், வகுப்பை விட்டு நின்ற பிறகும் மாதத் தவணை தொடரக்கூடும். கையெழுத்துப் போடும் முன் வீட்டில் இன்னொருவரும் அந்த ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும்.

இன்னும் ஒரு சோதனை இருக்கிறது. அது செலவில்லாதது. ஃபீஸ் கட்டுவதற்கு முன் ஒரு மாதம், தினமும் ஒரு மணி நேரம், கரன்ட் பில் புரோகிராமை மட்டும் எழுதிப் பார்ப்பது. அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருக்கத் தோன்றினால், கோர்ஸில் போடும் பணம் வீணாகாது. ஒரு வாரத்திலேயே வெறுத்துப்போனால், அதுவும் லாபம்தான். பெரிய தொகையைக் கட்டிவிட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை ஒரு வாரத்தில் இலவசமாகத் தெரிந்துகொண்டாகிவிட்டது.

முன்னேறுகிறோமா என்று எப்படித் தெரியும்? முடித்த வீடியோக்களின் எண்ணிக்கை அதைச் சொல்லாது. காலி ஃபைலைத் திறந்ததும் முதல் வரி தானாக வருகிறதா, சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் வரி எண்ணைத் தேடுகிறோமா, போன மாதம் எழுதிய கோடைப் பார்த்து ‘இதை இன்னும் சுருக்கமாக எழுதியிருக்கலாமே’ என்று தோன்றுகிறதா... இந்த மூன்றுக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் யாராவது கோடிங் கற்றுக்கொண்டிருந்தால், ‘கோர்ஸ் எப்போ முடியும்?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, அடுத்த ரீடிங் எடுக்கும் நாளில் மீட்டரைக் காட்டி, ‘இந்த தடவை எவ்வளவு வரும், சொல்லு பார்க்கலாம்’ என்று கேட்டுப் பாருங்கள். பில் வந்ததும் இரண்டு தொகையும் ஒன்றாக இருந்தால், அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். வித்தியாசம் இருந்தால் இன்னும் நல்லது. எங்கே தப்பு என்று தேட அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள்.